மாமா கால் வைத்த இடங்கள்

எங்கள் வீட்டில் ஒருநாள் பயணத்துக்கு ‘ஜீத்தா’ என்றுதான் பெயர். நான் இத்தாலியப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சொல் அது. அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் ஜீத்தாக்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. நாங்கள் போகும் இடம் எப்படியோ எப்போதும் அம்மா வேலைக்குப் போகவேண்டிய இடமாகவே அமைந்துவிடும். சோற்றுப் பார்சல் கட்டி, பந்து எடுத்து, தொப்பி போட்டு, குடும்பமாகப் போய் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவோம். இதற்குப் பெயர் ஜீத்தா இல்லை, வேலை என்று சொன்ன ஒரு பெண்ணோடு நான் மூன்று மாதம் கதைக்காமல் இருந்திருக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. பலெர்மோவில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அந்த ஆகஸ்ட் மாதம் எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு எழும்பி, எங்கெங்கோ அலைந்து, பிள்ளைத்தாய்ச்சி மனைவியைக் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருத்திவிட்டு வந்தவர். வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

அம்மா அதுவரை சொன்ன கதைகளில் மாமா மரத்துக்கு மரம் தாவுவார், தலைகீழாகக் கிணற்றுக்குள் குதிப்பார். வந்து சேர்ந்தவரோ வாசலைப் பார்த்தபடி இருக்கிற கதிரையில் மட்டும்தான் இருந்தார். கேட்டதற்கு ஓம் என்பார், இல்லை என்பார். எனக்கு நல்ல ஏமாற்றம். வேறு யாரையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுகூட ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதற்குச் சிரிக்கவில்லை.

மாமாவுக்கு ஊரைக் காட்டுவதற்கென்று அம்மா ஒரு ஜீத்தா ஏற்பாடு செய்தார். வழக்கம்போலப் பூச்சாடிகளும் இருந்தன. பக்கத்து ஊரான பகேரியாவின் விளிம்பில், எலுமிச்சைத் தோட்டங்களை வெட்டிக் கட்டிய புது வீடுகள் உள்ள அமைதியான தெரு. அதில் ஒரு வீட்டில்தான் அம்மா கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்தார். ஆகஸ்டில் சிஞ்ஞோராவின் குடும்பம் கடற்கரை வீட்டுக்குப் போய்விடும். சாவியும் செடிகளும் பூனையும் அம்மாவின் பொறுப்பு. அப்பா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று லீவு கிடைத்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு நடந்து போனோம். அந்த வருடங்களில் நகரத்தில் பெரிய மனிதர்களின் வாசல்களில் துவக்கோடு படையினர் காவல் நிற்பார்கள். எங்களுக்கு அவர்கள் தெருவிளக்கு மாதிரி. மாமா அவர்களைக் கண்டதும் தலையைக் குனிந்து, சேட்டுப் பையில் கையை வைத்து, எதையோ எடுத்துக் காட்டத் தயாராக நடந்தார். அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. ரயிலில் ஏறிய பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.

பகேரியாவில் இறங்கியபோது ஆபிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வானம் தூசியால் மஞ்சளாகிவிட்டது. மலை இருந்த இடத்தில் மலை இல்லை. அம்மாவின் தெருவுக்குள் திரும்பியதும் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. இரண்டு பக்கமும் வீடுகள், எல்லா வீட்டுக்கும் பலகைச் சட்டம் இறக்கிய யன்னல்கள். ஒரு படிக்கட்டில் பிள்ளைகளின் மூன்று சில்லுச் சைக்கிள். ஒரு பல்கனியில் எடுக்க மறந்த துவாய் ஒன்று தன்பாட்டில் ஆடியது. ஒரு வீட்டுக்குள் தொலைபேசி நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. மாமா அது ஓயும்வரை அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இஞ்சத்தைச் சனம் எல்லாம் எங்கை அக்கா?” என்று கேட்டார். அவராக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள், ஆகஸ்டில் இப்படித்தான், மாதம் முடியத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அம்மா விளக்கினார்.

“நாங்களும் ரெண்டு நாளிலை வருவம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள்” என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவர் முன்னால் போனார். தெருவின் நட்டநடுவில், தார் தெரிகிற இடத்தில் மட்டும் நடந்தார். ஓரத்துப் புல்லில் கால் வைக்கவே இல்லை. திரும்பிப் பார்த்து, தான் கால் வைத்த இடத்தில்தான் நாங்களும் வைக்கவேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் சொன்னார். கடைசியில் மாமாவுக்கு ஒரு விளையாட்டுத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் எடுத்து வைத்த எட்டு எனக்கே பெரியது. தம்பி ஒவ்வொன்றுக்கும் துள்ளித் துள்ளிப் பாய்ந்து வந்தான். அப்பா எங்களைப் பகிடி பண்ணிக்கொண்டு புல்லுக்கு மேலால் நடந்தார்.

வீட்டு வாசலில் அம்மா சாவியை எடுக்க, மாமா அவரை மறித்துவிட்டு, கேற்றின் கொளுக்கியைச் சுற்றி மேலும் கீழும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். சிஞ்ஞோராவும் அம்மா வேலை முடித்த பிறகு இப்படித்தான் அலுமாரியைத் தடவித் தூசி பார்ப்பார். மாமாவும் அம்மாவுடைய வேலையைச் சோதிக்கிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

மத்தியானம் முற்றத்துச் சீமெந்தில் துணி விரித்துச் சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பொரியலும் அவித்த முட்டையும். சில்வண்டுகள் காதைப் பிளந்தன. சாப்பிட்டு முடிய அப்பா அங்கேயே சரிந்து குறட்டை விட்டார். அம்மா குழாயோடு செடிகளிடம் போனார். நான் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா சாப்பிடவும் இல்லை, படுக்கவும் இல்லை. தெருவைப் பார்த்தபடி படியில் இருந்தார்.

சில்வண்டுச் சத்தம் ஒரேயடியாக நின்றது. ஏன் நின்றது என்று தெரியாது. அந்த அமைதியில் மாமா எழுந்தார். “சின்னவன் எங்கை?” என்றார்.

வீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரச் சுவருக்கு அப்பால், இன்னும் வெட்டாத எலுமிச்சைத் தோட்டம் ஒன்று இருந்தது. சொந்தக்காரன் கைவிட்ட தோட்டம். மரங்கள் பாதி பட்டுப்போய், பழங்கள் கிளையிலேயே கறுத்துச் சுருங்கி, என் இடுப்பளவுக்குக் காய்ந்த புல் நின்றது. பூனையைத் துரத்திக்கொண்டு தம்பி சுவரேறி உள்ளே போயிருந்தான். புல்லுக்கு மேலால் அவனுடைய சிவப்புத் தொப்பியும், நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு வட்டத் தகரமும் தெரிந்தன. ஏதோ புதையல் கண்டெடுத்தவனைப் போலச் சிரித்தான்.

மாமா கத்தவில்லை. பூசை நேரத்தில் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: “ராசா, ஆடாதை. நிண்ட இடத்திலை நில். தகரத்தைக் கீழை போடாதை.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, தம்பி அப்படியே நின்றுவிட்டான். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, இதென்ன பெரிய விஷயம் என்று சுவரில் ஒரு காலைத் தூக்கினார். மாமா பின்னாலிருந்து அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தார். பொத்தான் ஒன்று அறுந்து விழுந்தது.

“மச்சான், இது இத்தாலி. இஞ்சை மிதிவெடி ஒண்டும் இல்லை” என்றார் அப்பா.

“எங்கடை வளவிலையும் இல்லை எண்டுதான் சொன்னவை.”

அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து தொலைபேசி வரும்போது பெரியவர்கள் கதைக்கிற சொல். ஊரில் பாம்பு இருக்கும், பனங்காய் இருக்கும், மிதிவெடி இருக்கும். கால் வைத்தால் வெடிக்கும். ஆனால் அது அங்கே இருக்கிற சாமான். கடல் தாண்டிப் பகேரியாவுக்கு வராது என்று எனக்கே தெரிந்தது மாமாவுக்குத் தெரியவில்லை.

அப்பா சிரித்துக்கொண்டு விலகி நின்றார், ஆசைக்குப் போய்விட்டு வரட்டும் என்பதுபோல. மாமா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். பிறகு அம்மாவுக்குக் கிட்ட வந்து சொன்னது எனக்கும் கேட்டது.

“அக்கா, எனக்கேதும் நடந்தா அவளுக்கு உடனை சொல்லாதேங்கோ. பிள்ளை பிறந்தாப் பிறகு சொல்லுங்கோ. இப்ப மூத்தவளைக் கூட்டிக்கொண்டு றோட்டுக்குப் போங்கோ.”

அம்மா போகவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வலித்தன. கூப்பிடு தூரத்தில் நிற்கிற தம்பியைத் தூக்கிவரப் போகிறவர் பிள்ளை பிறப்பதைப் பற்றி ஏன் கதைக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

மாமா உள்ளே இறங்கினார். குந்தியிருந்து, புல்லை இரண்டு கையாலும் பிரித்து, நிலத்தைப் பார்ப்பார். விரல் நுனியால் மண்ணைத் தொடுவார். பிறகு ஒரு காலை எடுத்து அங்கே வைப்பார். அடுத்த காலுக்கு மறுபடியும் குந்துவார். காற்றும் நின்றிருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு இலை அசையவில்லை. அவருடைய முதுகில் சேட்டு நனைந்து ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தோட்டத்தில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாமா நடக்க நடக்க அங்கே ஏதோ இருக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மரத்துக்கு அடியிலும் அது மூச்சுவிடாமல் படுத்திருப்பதாகவும், அதற்கு மாமாவைத் தெரியும் என்றும் எனக்குத் தோன்றியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

தம்பி அழத் தொடங்கினான். மாமா நிமிராமலே அவனோடு கதைத்தபடி போனார். போய்ச் சேர்ந்து, அவனைத் தகரத்தோடு தூக்கித் தோளில் வைத்து, தான் கால் வைத்த இடங்களைத் தேடித் தேடி, அதே வழியால் திரும்பி வந்தார். தெருவுக்குப் போய்த்தான் அவனை இறக்கினார். தகரத்தை வாங்கி, முட்டையை வைப்பதுபோலத் தார் மேல் வைத்தார். உப்புமீன் அடைத்து விற்கிற தகரம். உள்ளே மழைத் தண்ணீரும் துருவும்தான். மாமா தெருவோரம் போய் வாந்தி எடுத்தார். அந்த வெயிலில் அவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது.

அப்பாவுக்கு இதை அப்படியே விட மனமில்லை. மாமாவின் பயத்தைத் தெளியவைக்கவேண்டும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். சுவரைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய், குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு கையை விரித்துக்கொண்டு துள்ளிக் குதித்தார். புல் நொறுங்குகிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மட்டும், “வெளியிலை வாங்கோ” என்றார். அந்தக் குரலை அப்பாவிடம் அவர் பாவித்து நான் கேட்டதில்லை. அப்பா வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் அப்பா மாமாவின் நடையை நடித்துக்காட்டுவார். குந்துவார், புல்லை விலக்குவார், காலைத் தூக்கி ஆட்டுவார். பழைய ஆட்கள் வயிறு நோகச் சிரிப்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கோப்பியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பகிடி விளங்காத மனிதர்கள் என்று எனக்கு அவர்கள் மேல் எரிச்சலாக இருக்கும். மாமாவும் ஒரு ஓரத்தில் இருந்து கொஞ்சம் சிரிப்பார். பிறகு ஒரு வருடத்தில் அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

இரண்டு பேர் அந்தத் தோட்டத்துக்குள் போனதை நான் பார்த்தேன். ஒருவர் துள்ளிக் குதித்தார், மற்றவர் நடுங்கினார். எங்கள் அப்பா சரியான துணிச்சல்காரர், மாமா பயந்தாங்கொள்ளி என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். மாமாவைப் பொறுத்தவரை அந்தப் புல்லுக்குள் வெடி இருந்தது என்பதும், திரும்பி வரமாட்டேன் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் செருப்பைக் கழற்றினார் என்பதும் எனக்கு விளங்க நான் ஒரு பிள்ளைக்குத் தாயாகவேண்டியிருந்தது. அந்த நேரம் அவர் தம்பியை முதன்முதலாகப் பார்த்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அவனுடைய பெயரைக்கூட அவர் இன்னும் சரியாகச் சொல்லப் பழகியிருக்கவில்லை.