ஆயுத பூஜையன்று எரிந்த எஞ்சின் விளக்கு

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கடிதம் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. கடிதம் எழுதியும் பல வருடங்கள் ஆகின்றன. எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்குப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். என் மனைவி விஜயாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை. அச்சில் வந்தால் எப்படியும் யாராவது அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

மஸ்கட்டில் ஒரு பெட்ரோல் பங்கின் பின்பக்கம் இருக்கும் கார் கழுவும் கடையில் பதினாறு வருடங்களாக வேலை செய்கிறேன். இன்னும் எனக்குப் பழகாத ஒன்று இங்கே உண்டு. காரின் சொந்தக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு, குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு சைக்கிளைத் துடைக்கக் கொடுத்தாலும் கூடவே நின்று, அங்கே அழுக்கு, இங்கே அழுக்கு என்று கை காட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே யாரும் பார்க்காமலேயே என் வேலை நடந்து முடிந்துவிடும். போன மாதம் ஒரு பெரியவர் மட்டும் கிளம்பும்போது என்னைக் கை தட்டிக் கூப்பிட்டார். நீண்ட வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிணற்று மோட்டாரைக் கோட்டோவியமாக வரைந்தது போன்ற விளக்கு. அதைக் காட்டி அரபியில் நீளமாக ஏதோ கேட்டார். சோப்பு, தண்ணீர், முடிந்தது, நன்றி, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அரபி. "மாஃபி முஷ்கில்" என்றேன். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். இந்த ஊரில் எதற்கும் சொல்வது அது. நான் கழுவியதைச் சொன்னேன். அவர் எஞ்சினைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டு, பின் சீட்டில் பேரப்பிள்ளைகளோடு மலைப்பாதைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். நான் கையில் நுரையோடு நின்றேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

எஞ்சினில் கோளாறு என்றால் எரிகிற அந்த விளக்கை எனக்கு முன்பே தெரியும். போன ஆயுத பூஜைக்கு லீவில் போயிருந்தபோது, என் மச்சான் சேகரின் காரில் அது என் கையால் எரிந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மஸ்கட்டுக்கு வந்த புதிதில் வீட்டுக்குப் போன் செய்தபோது, என்ன வேலை என்று விஜயா கேட்டாள். கார் கம்பெனியில் என்றேன். அவள் அதைத் தன் அம்மாவிடம் ஒர்க் ஷாப் என்று சொன்னாள். அவர்கள் தெருவில் மெக்கானிக் என்று சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து, மைத்துனியின் கல்யாணப் பத்திரிகையில் பெரிய மருமகன் என்ற முறையில் என் பெயரையும் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெயரை மட்டும் தனியாக அச்சடிக்க மாட்டார்கள். என்ன உத்தியோகம், எந்த ஊர் என்று பின்னால் வர வேண்டும். 'எஸ். தனபால், மெக்கானிக், மஸ்கட்' என்று தங்க நிற எழுத்தில் வந்திருந்தது. தபாலில் வந்த அந்தப் பத்திரிகையை எட்டுப் பேர் தங்கும் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பலமுறை படித்தேன். தப்பு என்று ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். படிக்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

சேகர் விஜயாவின் தம்பி. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறான். மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் தங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோயில்களுக்கும் விமான நிலையத்துக்கும் போவது அவன் பிழைப்பு. ஆயுத பூஜை அன்று காலை காரைக் கழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கழுவுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எனக்கு உண்மையாகவே தெரிந்த வேலை அது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக்குக் கொண்டுவந்திருந்த தண்ணீர் பீய்ச்சும் மோட்டாரைக் கேட்டு வாங்கினேன். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். கழுவி முடித்தபோது சேகர், "மஸ்கட் மெக்கானிக்கு கழுவுனா வெளிய மட்டும் கழுவுனா போதுமா மாமா? உள்ளயும் காட்டு" என்றான். பானெட்டைத் தூக்கினேன். எங்கள் கடையில் எஞ்சினில் தண்ணீர் அடிக்கும் முன் மின்சார இணைப்புகளையெல்லாம் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடம். அன்று அது நினைவுக்கும் வந்தது. ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது பையைத் தேடிக்கொண்டிருப்பது, கார் கழுவுகிறவன் செய்கிற காரியமாகத் தெரியும் என்று தோன்றியது. அப்படியே அடித்தேன்.

சாயங்காலம் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சேகரின் ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் பொரி கடலையோடு சாமி படத்தின் முன்னால் இருந்தன. பழத்தை நசுக்க வண்டியைக் கிளப்பினான். வண்டி ஜுரம் வந்தது போல உதறியது. அந்த ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சேகருக்குப் பரிசாக மஸ்கட்டிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு கருவி வாங்கிப் போயிருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், விளக்கு ஏன் எரிகிறது என்று போனில் காட்டும். அதைக் கொடுத்தால் மெக்கானிக் கொடுத்தது போல இருக்கும் என்றுதான் வாங்கினேன். செருகினேன். போனில் ஒரு எண்ணும் கீழே ஒரு வரி ஆங்கிலமும் வந்தன. அதில் சிலிண்டர் என்பதும் இரண்டு என்பதும் மட்டும் எனக்குப் புரிந்தன.

"இன்னா மாமா காட்டுது?"

ஒரு வாரம் முன்பு எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியதாக அவன் சொன்னது ஞாபகம் வந்தது. "ரெண்டாவது பிளக்கு" என்றேன்.

அந்தச் சொல் அப்படி வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. பிளக் மாற்றியவர் ஏழுமலை. கூட்டு ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறார். பத்து வருடங்களாக சேகரின் வண்டியை வேறு யாரும் தொட்டதில்லை. சேகர் போனை எடுத்து அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கால் மணி நேரத்தில் ஏழுமலை மொபெட்டில் வந்துவிட்டார். குளித்து, விபூதி வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"பழச போட்டுட்டு புச்சுன்னு சொல்லிகினு கீறியா? மிஷினே காட்டுது" என்றான் சேகர்.

"புச்சுதான்பா போட்டேன். கழட்டிக் காட்டலாம்னா ஸ்பேனரு சாமிகிட்ட கீது. காத்தால பூஜைய பிரிச்சிட்டு வந்து காட்றேன்."

அன்று ஊரில் யார் வீட்டிலும் ஒரு ஸ்பேனரை எடுக்க முடியாது. எடுக்கச் சொல்லவும் யாருக்கும் மனம் வராது. தான் தப்பு செய்யவில்லை என்று காட்டுவதற்கு அவரிடம் வெறும் கைதான் இருந்தது. பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்பக்கம் ஒரு இடுக்கில் விரலை விட்டார். விரல் ஈரமாக வந்தது. அந்த விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, காத்தால இங்க தண்ணி அட்ச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் குறுக்கே வந்தான். "மாமா மஸ்கட்ல பதினாறு வருசம் வண்டி பாத்துகினு கீது. அதுக்கு தெரியாதா? நீ பேச்ச மாத்தாத."

"சரிப்பா. அண்ணாத்தயே சொல்லட்டும்" என்றார் ஏழுமலை.

நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையில் புதிதாக எதுவும் வரவில்லை. அதையே படிப்பவன் போலப் படித்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். புதுச் சட்டையில் கறை பட்டது. அவர் போனபின் போனில் ஒரு பொத்தானை அழுத்தி அந்த எண்ணை அழித்து, விளக்கை அணைத்துவிட்டேன். பானெட்டைத் திறந்தே வைக்கச் சொன்னேன். காற்றாடட்டும் என்று சொல்லவில்லை. கோளாறு தானாகத் தெரியும் என்று சொன்னேன்.

விடிகாலை சேகர் வண்டியைக் கிளப்பியபோது அது பூப்போல ஓடியது. "நீ அழிச்சதுலயே சரியா பூட்ச்சி மாமா" என்று சொல்லிவிட்டு, கடற்கரை விடுதியில் ஒரு ஜோடியை ஏற்றிக்கொண்டு திருவிடந்தை கோயிலுக்குப் போய்விட்டான். எட்டு மணிக்கு ஏழுமலை பையோடு வந்தார். ஸ்பேனர்களில் குங்குமம் அப்படியே இருந்தது.

"வண்டி?"

"சவாரி போயிருக்குது."

"ஓடுதா?"

"ஓடுது."

"தண்ணி காஞ்சிருக்கும்" என்றார். மொபெட்டிலிருந்து இறங்கவில்லை. "நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் அண்ணாத்த. பரவால்ல. மெக்கானிக்கா கீறவனுக்கு தப்ப ஒத்துக்க வாய் வராது. எனக்கும் ஆயிகீது."

அவர் என்னைத் தன்னைப் போல ஒரு மெக்கானிக் என்று நினைத்து மன்னித்தார். அந்த மன்னிப்புக்குக்கூட நான் உரியவன் இல்லை. விஜயா தண்ணீர் எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து சேகர் வண்டியைச் செங்கல்பட்டில் வேறு ஷெட்டில் விடுகிறான். மாமா மிஷின் வைத்துத் திருட்டைக் கண்டுபிடித்த கதையை டாக்ஸி ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறான். இன்னும் இரண்டு டிரைவர்கள் ஏழுமலையிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் பெருமையாகப் போனில் சொன்னான். நான் உம் கொட்டினேன்.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் சேகர் பத்திரிகையின் மாதிரியைப் படம் எடுத்து அனுப்பினான். பெண்ணின் அப்பா என்ற இடத்தில் 'எஸ். தனபால், மெக்கானிக், மஸ்கட்'. மதிய இடைவேளையில், ஈர பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைப் பார்த்தேன். என் சட்டைப் பையில் இந்த நாட்டு அடையாள அட்டை இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் கார் கழுவுபவர் என்று அரபியில் போட்டிருக்கிறது. இந்த நாட்டுக்காரர்கள் எல்லோராலும் அதைப் படிக்க முடியும். ஊரில் யாராலும் முடியாது. பத்திரிகையில் இருப்பதை ஊரில் எல்லோரும் படிப்பார்கள். இந்த நாட்டுக்காரர்கள் யாராலும் முடியாது. இரண்டிலும் பெயர் மட்டும் ஒன்று. அட்டையை எடுத்துப் போனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் பார்த்தேன்.

சாயங்காலம் சேகரைக் கூப்பிட்டு, அன்று எஞ்சினில் தண்ணீர் விட்டது நான், ஏழுமலை போட்டது புது பிளக்தான் என்று சொன்னேன். பிறகு என் வேலையையும் சொன்னேன்.  

"இத இப்ப ஏன் மாமா சொல்ற? பத்திரிக அடிக்க குட்த்தாச்சி" என்றான். பிறகு, "அந்தாள நான் இன்னா இன்னா பேசினேன் தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன்.

"அக்காக்கு தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்க" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் சேகர் காரை ஏழுமலை ஷெட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏழுமலை என்ன சொன்னார் என்று அவன் சொல்லவில்லை. மதியம் திருத்திய பத்திரிகையை அனுப்பினான். மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் உத்தியோகம் இருந்தது. என் பெயருக்குப் பின்னால் மஸ்கட் என்று மட்டும் இருந்தது.