ஐந்து காலில் நடந்த இயந்திரம்

காலையில் கோவில்பத்திலிருந்து சேதுராமனின் மனைவி சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, அவரு போயிட்டாருங்க" என்றார். தருமபுரம் பக்கம் இருந்து, பிறகு மூடப்பட்ட எங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் எண்பதுகளில் வேலை பார்த்தவர்களுக்கு, என்னோடு அங்கே ஆசிரியராக இருந்த சேதுராமனைத் தெரியும். அவனுடைய கோபமும் தெரியும்.

ஒருமுறை காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் உயிர் நண்டு வாங்கி, அங்கேயே ஈர மணலில் விட்டு, ஒரு காலைப் பிய்த்தான். விற்ற அம்மாள் கூடையாலேயே அவன் முகத்தில் அடித்தாள். "உயிரோட இருக்கிறத ஏன்யா பிய்க்கிற? நீ மனுசனா?" உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் நண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மற்றக் கால்களின் வரிசையை மாற்றிக்கொண்டு ஓடியது. "பாத்தியாடா? ஒவ்வொரு காலும் பக்கத்துக் காலைக் கேட்டுத்தான் நடக்குது" என்றான் கூட நின்ற என்னிடம்.

அப்படித்தான் அவனுடைய ஆறு கால் இயந்திரம் பிறந்தது. வைப்பர் மோட்டார்கள், ஸ்கூட்டர் பேட்டரி, காலுக்கு ஒரு சிறிய டிரான்சிஸ்டர் சுற்று. ஒரு கால் தூக்கினால், அதன் சுற்று பக்கத்துக் காலைத் தரையில் நிறுத்திவைக்கும். எல்லாவற்றுக்கும் தலைமையாக ஒரு சுற்று கிடையாது. பல மாதம் அது குப்புற விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவன் எதையாவது தூக்கி எறிந்தான். பிறகு ஒருநாள் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தது.

அந்த வாரமே எங்கள் மாணவன் ஒருவன் வாசலில் பேருந்துச் சக்கரத்தில் சிக்கிச் செத்தான். டிரைவர் ஓடிவிட்டார். மாணவர்கள் கண்டக்டரைத் துரத்த, அவர் மண்டை உடைந்து எங்கள் ஆய்வகத்துக்குள் வந்து விழுந்தார். நான் அவரை மேசைக்கடியில் தள்ளினேன்.

"சார், அவனை வெளிய அனுப்புங்க!" என்று துரத்தி வந்த மாணவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

"போங்கடா வெளிய" என்றான் சேது. இரும்புக் கம்பி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடியில் இயந்திரத்தின் ஒரு கால் பறந்தது. அவன் இடக்கையால் சுவிட்சைத் தட்டினான். அது தடுமாறி, சாய்ந்து, ஐந்து காலில் நடந்தது. எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள்.

"அடிங்கடா! இன்னொரு காலை ஒடைங்க. அப்பவும் நடக்குதான்னு பாப்போம்!" என்று சேது கத்தினான்.

வெறி முழுவதும் அதன்மீது திரும்பியது. அவர்கள் அதை நொறுக்கிக்கொண்டிருக்கும்போதே நான் கண்டக்டரைப் பின்கதவு வழியாக இழுத்துப் போனேன். அவர் பிழைத்தார்.

மறுநாள் காவல் நிலையத்தில் சேது அடித்தவர்கள் பெயர்களைச் சொன்னான். "செத்தது அவங்க சிநேகிதன்யா, விட்டுடு" என்றேன். "இவங்க கொல்லப் பாத்தவரு யாரோட சிநேகிதன்?" என்றான். அதற்காகப் பலர் அவனோடு கடைசிவரை பேசவில்லை.

மணிக்கட்டு கோணலாகவே கூடியது. அதன்பின் அவனால் சுற்றுகளைப் பற்றவைக்கும் சால்டரிங் கோலைப் பிடிக்க முடியவில்லை. இன்னொரு இயந்திரம் செய்யவில்லை.

பல வருடம் கழித்து ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு அடிக்கச் சொன்னியே. கண்டக்டரைக் காப்பாத்தவா, இல்ல நாலு கால்ல நடக்குமான்னு பாக்கவா?"

கோணல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டுக்கும்தாண்டா" என்றான்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில் ஒன்றுதான்.