கல்லில் விட்ட காலி இடம்

1988 ஐப்பசியில், பிரசவத்தில் என் மனைவி இறந்தாள். குழந்தை பிழைத்தது. எங்கள் ஊரான சிக்கல் கிராமத்தில், புஞ்சை ஓரத்தில் அவளை அடக்கம் செய்தோம். அங்கே நட வேண்டிய கல்லை நானே வரைந்து கல்தச்சரிடம் கொடுத்தேன். இடப்பக்கம் அவள் பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும். வலப்பக்கம் என் பெயரும் பிறந்த தேதியும். அதன் கீழே ஒரு வரிக்கு இடம்.

கல்பட்டறைக்கு மாமியார் குழந்தையை ஏந்திக்கொண்டு வந்தார். கல்லை வெகுநேரம் பார்த்தார்.

“அந்தக் காலி இடத்துக்கு என்ன தேதி வச்சிருக்கீக, மாப்ள?”

“எப்பவாவது வர்றதுதானே அத்தை.”

“எப்பவாவதுன்னா இப்ப என்ன அவசரம்? என்னையப் பாத்துச் சொல்லுங்க.”

என்னால் நிமிர முடியவில்லை. அடுத்து வரும் என் மனைவியின் பிறந்தநாளை அதற்காக மனதில் குறித்து வைத்திருந்தேன்.

“அவளப் பெத்தவ நானே உசுரோட இருக்கேன்ல? பிடிங்க புள்ளைய,” என்று குழந்தையை என் மடியில் போட்டார். கல்தச்சரிடம் திரும்பி, “ஏலே, அந்தப் பாதிய வெட்டி எடுத்துரு,” என்றார்.

கல் பிளந்த சத்தத்தில் குழந்தை வீறிட்டாள். அன்றுதான் அவளை முதன்முதலாகத் தூக்கி அணைத்தேன்.

துக்கம் கேட்க வந்த எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மகளைப் பறிகொடுத்தவர் மட்டும்தான் தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கவனித்தார்.