காகத்துக்குச் சோறு, குருவிக்கு இறகு

பனிக்காலம் முழுக்க அம்மாவின் உடம்போடு கிடந்த, இறகு அடைத்த குளிர்ச்சட்டையை வெயிலில் உதறும்போது வரும் புழுங்கல் வாசனையில்தான் எனக்கு அந்தச் சின்ன வயது வசந்தம் தொடங்குகிறது. புவாண்ட்-கிளேர் புறநகரில் எங்கள் வீட்டின் பின்வளவில் அம்மா உதற, பிய்ந்த தையலிலிருந்து ஒரு வெள்ளை இறகு கிளம்பியது. அது புல்லைத் தொடுமுன், நீல முதுகு மினுங்கப் பாய்ந்து வந்த குருவியொன்று அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போனது. தகைவிலான்! கூட்டுக்குள் இறகு மெத்தை போடும் பறவைக்கு வீட்டையும் நாங்களே கொடுத்தால் என்ன?

மரப்பொந்து கிடைக்காவிட்டால் பெட்டியும் அவற்றுக்குப் போதும். அப்பா பலகையில் ஒன்று அடித்துக் கம்பத்தில் ஏற்ற, சோடியும் வந்தது. ஒரு கிழமைக்குள் சிட்டுக்குருவிகள் வைக்கோலைத் திணித்து அவற்றை விரட்டிவிட்டன. இத்தனை சிட்டு எங்கிருந்து வந்தது என்று நான் அழ, அப்பா வேலித்தூணைக் காட்டினார். தான் சாப்பிடுமுன் காகத்துக்கென்று அம்மா தினமும் வைக்கும் சோறு!

"இஞ்சரும், உம்மட காகம் நல்லாச் சின்னனாப் போச்சுது. கீச்சுக்கீச்செண்டு வேற கத்துது!"

"நக்கலடியாதேங்கோ. காகத்துக்கு வைக்காமல் நான் ஒருநாளும் வாயில வைச்சதில்லை."

"நீலக் குருவிக்கு வீடில்லை அம்மா" என்றேன்.

மறுநாள் சோறு வீட்டின் முன்பக்கம் போனது. சிட்டுகளும் பின்னாலேயே போயின. அப்பா வைக்கோலை இழுத்தெறிந்தார். ஆனாலும் தகைவிலான்கள் பெட்டியைச் சுற்றினவே தவிர இறங்கவில்லை. அம்மா கத்தரிக்கோலோடு வந்து குளிர்ச்சட்டையின் தையலை வெட்டி, ஒரு பிடி இறகை என் கையில் வைத்தார். "ஊதி விடு, பிள்ளை."

"அடுத்த விண்டருக்கு என்னத்தைப் போடுவீர்?"

"குருவியிட்டைக் கேட்டு வாங்குறன்."

என் தலைமயிரை உரசுமளவுக்குத் தாழப் பறந்து ஒன்று இறகைப் பறித்துக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்தது. பிறகு அந்தக் கோடை முழுவதும் பறக்கும் பூச்சிகளைப் பிடித்துவந்து, கத்தும் வாய்களுக்கு ஊட்டி, அருகே போன அப்பாவின் மொட்டைத் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து, குஞ்சுகள் பறந்ததும் ஒரு காலையில் தெற்கே போய்விட்டன.

அந்த வீடு இப்போது எங்களுடையதில்லை. பின்னாலிருந்த புல்வெளி சரக்குக் கிடங்குகளாகிவிட்டது; பூச்சியுமில்லை, குருவியுமில்லை. நாங்கள் நகருக்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஆற்றோரமாகத் தோட்டத்துண்டு வைத்திருக்கும் சிநேகிதி ஒருத்தி பெட்டி வைக்கச் சம்மதித்திருக்கிறாள். பனி உருகியதும் கம்பம் நடப்போகிறேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். வேறு நிற நூலில் தைத்த அந்தப் பழைய குளிர்ச்சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஓம், வைப்பம். அங்க காகத்துக்கு எந்தப் பக்கம் வைக்கிறது? அதை முதல் சொல்லு."