எலி குடியிருந்த படகு

படகைத் தொடுவதற்கு முன் ராணியம்மாள் அதன் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவார். அதற்கென்றே ஒரு பழைய இரும்புக் கரண்டி வைத்திருக்கிறார். டங், டங், டங். பிறகு கொட்டகை வாசலை மறைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, உள்ளே குரல் கொடுப்பார்.

"யாருங்க உள்ள? வழி வுட்டுட்டுத்தான் நிக்கறேன். கெளம்புங்க."

எலிகளுக்கு 'ங்க' போட்டுப் பேசுகிற ஒருவரைக் கச்சிராயபாளையத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். புருஷனுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது, அவருக்கு 'யோவ்'தான். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அதுங்க வெளியாளுங்க சார். வெளியாளுக்கு மருவாதி குடுத்தாதான் சீக்கிரம் எடத்தக் காலி பண்ணும்."

அக்காள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் சுருக்கென்றது.

நான் அங்கே மாட்டிக்கொண்டது போன செப்டம்பரில். புதன்கிழமை அக்காளைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. அந்த வியாழக்கிழமைதான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. டவுன் பஸ் வரவில்லை. பேப்பரும் வரவில்லை. பேப்பர் படிக்காத காலைநேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கோமுகி அணைப் பக்கம் நடக்கப் போனேன். அங்கே தகரக் கொட்டகை வாசலில் இந்த அம்மாள், முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக நின்றார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. வெற்றிலைச் சிவப்பேறிய உதடு. அணையில் மீன் பிடிக்கிற ஆறு குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மரப்படகு. கடலூரில் செய்து லாரியில் கொண்டுவந்து மீனவர் சங்கம் கொடுத்தது. தண்ணீரில் இருக்கும்போது துடுப்பு ராணியம்மாள் கையில், வலை அவர் புருஷன் சுப்புராயன் கையில். பங்குனியில் அணை வற்றியதும் படகைக் கொட்டகையில் கல்மேல் ஏற்றி வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், உள்ளே எலிக் குடித்தனம் பேரன் பேத்தி எடுத்திருக்கிறது.

எலி சும்மா வரவில்லை. படகின் அடியில், பலகைக்குக் கீழே, இரண்டு மூட்டை விதை மல்லாட்டையைக் கொட்டி மூடி வைத்திருந்தார்கள். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். அதைத் தின்று தீர்த்த எலிகள் அதோடு நிற்கவில்லை. பலகை இடுக்குகளில் எண்ணெய் தோய்த்து அடைத்திருந்த பஞ்சையும் பிடுங்கித் தின்றுவிட்டன. வைத்தது சுப்புராயன் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

"இன்னா சுப்புராயா, படகுல வெதச்சியே, மொளச்சுதா?"

"மொளச்சுது, மொளச்சுது. வாலு மொளச்சுது" என்பார் அவர், பல்லெல்லாம் தெரிய. நல்ல மனிதர். யார் எவ்வளவு கிண்டல் செய்தாலும் வாங்கிக்கொள்வார். இந்தப் பேச்சு காதில் விழுந்தால் ராணியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வராது. தேய்க்கிற கை இன்னும் வேகமாகும். அப்புறம் மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். புருஷனைக் கேலி செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எலி புகுந்த சேதி தெரிந்து சங்கத்து ஆய்வாளர் வீரமுத்து ஒரு போஸ்ட்கார்டு போட்டிருந்தார். மறியலுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை வருகிறேன், படகு மிதந்தால் உங்களுக்கு, இல்லாவிட்டால் விறகுக்கு. படகைப் பாழாக்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அவர் இந்தப் பருவம் முடியும்வரை படகில் கால் வைக்கக் கூடாது. இவ்வளவுதான் கார்டு. ராணியம்மாளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தக் கார்டு அவருக்கு மனப்பாடம்.

சுத்தம் செய்வதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: எலிப் புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் தொடக் கூடாது. சங்கராபுரத்தில் ஒரு நெல் கிடங்கில் மூன்று வருஷம் கூட்டுகிற வேலை பார்த்தவர். அங்கே அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார்.

"ஒலந்ததப் பெருக்கினா அது பறந்து வந்து நம்ம நெஞ்சுல வூடு கட்டிக்கும் சார். ஊறப் போடணும். ஊறிட்டா அது வெறும் சேறு. சேத்துக்கு இன்னா பயம்?"

ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் படகு முழுக்கத் தெளிப்பார். பிறகு வெளியே வந்து உட்கார்ந்து ஒரு வெற்றிலை போடுவார். ஊறுவதற்கு அதுதான் கணக்கு. வெற்றிலையைத் துப்பியதும் உள்ளே போய், உடைந்த தகரத் துண்டால் வழித்து வழித்துச் சாக்கில் போடுவார். ஒரு கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி முழங்கைக்கு மேல் வாழைநாரால் கட்டியிருந்தார். சாக்கு நிறைந்தால் கரைக்கு மேலே, தண்ணீருக்கு ரொம்பத் தள்ளி, இடுப்பளவுக் குழியில் கொட்டி மண் தள்ளுவார். பக்கத்திலேயே பள்ளமாக இடம் இருக்கிறதே என்றேன். "நாம குடிக்கறது இந்தத் தண்ணிதானுங்களே" என்றார்.

படகின் முன்முனையான அணியத்துக்கு அடியில் எலிக்கூடு இருந்தது. எந்தக் கட்சி நோட்டீஸ் என்று இல்லை, கைக்குக் கிடைத்த எல்லாக் கட்சியையும் கிழித்து மெத்தை போட்டிருந்தது எலி. இடையில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ வேறு. நடுவே கண் திறக்காத ஆறு குஞ்சுகள். ராணியம்மாள் கூட்டை அப்படியே தகரத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தூரத்துக் கருவேல மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

"அம்மாக்காரி வந்தா எட்த்துக்கினு போவட்டும். வராட்டி காக்கா பாத்துக்கும்."

மறியலுக்குப் போகவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள். விடிந்ததும் இரண்டு மணி நேரம் சாலையில் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டுத்தான் கொட்டகையைத் திறப்பார். போகிற வழியில் ஒருத்தி, "எல்லாரும் அங்க குந்திக்கினு இருக்காங்க, நீ எலி வூட்டக் கழுவிக்கினு இருக்கியே" என்றாள்.

"என் பங்குக்குக் குந்திட்டுதான் வந்தேன். கேக்கறது நாயம், புள்ளைங்களுக்குத்தான் கேக்கறோம். ஆனா தண்ணி மறியலுக்கு நிக்குதா பாரு."

நிற்கவில்லைதான். கல்வராயன் மலைமேல் தினமும் சாயங்காலம் கறுத்துக்கொண்டு பெய்தது. அணைப் படிக்கட்டில் நாளுக்கு ஒரு படி முழுகிக்கொண்டு வந்தது. நிரம்பின தண்ணீரில் படகு இல்லாமல் ஆறு குடும்பமும் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

இந்த அம்மாளிடம் எனக்குக் கோபம் வந்த விஷயம் ஒன்று உண்டு. யாரையும் கூடமாட வேலை செய்ய விடமாட்டார். சுப்புராயன் வாளியோடு வந்து நின்றால், "யோவ், நீ போய் ரோட்டுல குந்து. என் வேலையில கைய வெக்காத" என்று விரட்டுவார். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கித் திரும்பிப் போனார்கள். இது பிடிவாதமா, கர்வமா? இரண்டும்தான் என்று நான் அன்றைக்குத் தீர்மானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை கழுவினார். தூக்குவதற்கு மட்டும் ஆண்களைக் கூப்பிட்டு வெயிலில் கவிழ்த்துப் போட்டார். சனிக்கிழமை ஓட்டை தேடும் படலம். கவிழ்த்துப் போட்ட படகுக்குள் ஒருவர் புகுந்து வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு என்னைப் பிடித்தார். "எழுதறவரு, வேல இல்லாம இருக்கீங்க. பாத்துச் சொல்லுங்க போதும். கை வெக்காதீங்க." வேஷ்டியை மடித்துக் கட்டி உள்ளே தவழ்ந்தேன். ப்ளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நான் விரலால் தட்டத் தட்ட, அவர் வெளியிலிருந்து அந்தந்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார். நான் வெளியே வந்தபோது படகின் முதுகில் நாற்பத்தோரு பொட்டு.

"அம்மை போட்டாப்புல இருக்குது" என்றார். அந்த ஐந்து நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடைப்பதற்குப் பஞ்சும் குங்கிலியப் பிசினும் வேண்டும், மேலே பூசத் தார் வேண்டும். கடைத்தெரு முழுக்க மூடியிருந்தது. ராணியம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு ரவூப் பாயின் இரும்புக்கடைக்குப் பின்னால் சுற்றிப் போய் வீட்டுக் கதவைத் தட்டினார். பாய் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தார் டின்னோடு வந்தார். நான் தயங்கியதைப் பார்த்து, "கடைய மூடச் சொன்னாங்க சார், மூடிட்டேன். வூட்ட மூடச் சொல்லலியே" என்றார். "ராணிம்மா, இந்த வாட்டி பஞ்ச வேப்பெண்ணெயில தோச்சி அடைங்க. கசப்பு ஜாஸ்தி, எலி கிட்ட வராது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நாற்பத்தொன்றையும் அடைத்தார். உளியின் மழுங்கல் முனையால் பஞ்சுத்திரியை இடுக்கில் திணித்துத் தட்டுவார். உருக்கிய குங்கிலியத்தை ஊற்றுவார். ஆறியதும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்புப் பொட்டைத் துடைப்பார். சந்தேகம் இருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒரே இடத்தை நான்கு தடவை பிரித்து அடைத்ததை நான் பார்த்தேன். வெயில் சாய்ந்தபோது தார் பூசி முடித்திருந்தார். கை இரண்டும் முழங்கை வரை கறுப்பு.

"பஸ்ஸே இல்ல, ஆய்வாளரு எங்க வரப்போறாரு? ரெண்டு நாளு படுத்து எழுந்து செஞ்சா இன்னா?" என்றார் சுப்புராயன்.

"அவரு வராட்டி போறாரு. தண்ணி வந்துக்கினு இருக்குதே."

ஆனால் வீரமுத்து வந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தலையில் புளிய இலையோடு. "பதினாலு மரம் ஏறி எறங்கி வந்தேம்மா. தேதி குடுத்துட்டேன், வராம இருக்க முடியல" என்றார். பிடிவாதத்தில் இவரும் ஒரு ராணியம்மாள்தான் என்று எனக்குப் பட்டது.

மறியலில் வெட்டுண்ட கிளைகளில் நாலைந்தைக் கேட்டு வாங்கி உருளையாகப் போட்டிருந்தார்கள். சுப்புராயனும் மற்றவர்களும் படகைத் தள்ள, அது உருண்டு போய்த் தண்ணீரைத் தொட்டது. ராணியம்மாள் முதலில் ஏறி, துடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் அடிப்பலகையில் பதித்து உட்கார்ந்தார். வீரமுத்து கரையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம். ஆறு குடும்பமும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரே ஓர் இடத்தில் முத்தாக ஒரு சொட்டு நீர் கசிந்தது. ராணியம்மாள் அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். எடுத்தபோது கசிவு நின்றிருந்தது.

"படகு ஒங்களுக்குத்தான்" என்றார் வீரமுத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து பேனாவை உதறினார். "மல்லாட்டைய வெச்சது யாரு? பேரு எழுதணும்."

சுப்புராயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தாங்க."

படகிலிருந்து ராணியம்மாள் கையை உயர்த்தினார், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோல். தார் படிந்த கறுப்புக் கை.

"அவரு இல்லீங்க. வெச்சப்ப அவருக்குத் தெரியவே தெரியாது. வூட்ல கூர ஒழுவுது. தண்ணி எறங்காத எடம் எதுன்னு பாத்தேன், படகுதான் தோணுச்சி. நாந்தான் கொட்டி வெச்சேன். ராணியம்மாள்னு எழுதுங்க."

"ஏ ராணி, சும்மா இரு" என்றார் சுப்புராயன். "இத்தன நாளு நான் சொல்லிக்கினு இருந்தது அப்படியே போவட்டுமே."

"நீ எதுக்குய்யா சொமக்கற? என் வேலைய நான் செஞ்சேன். இதுவும் என்துதான்."

வீரமுத்து அவரையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதிட்டா இந்தப் பருவம் பூரா ஏற முடியாதும்மா. தெரியுமில்ல?"

"கார்டுல போட்டிருந்துச்சே."

பேனா தாளில் படுவதற்குள் ராணியம்மாள் படகைவிட்டு இறங்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்று, துடுப்பை எடுத்துச் சுப்புராயன் கையில் கொடுத்தார். சுப்புராயன் அசையாமல் நின்றார். ராணியம்மாள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிப் படகில் ஏற்றினார். பிறகு விளிம்பில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார்.

"கெளம்புங்க" என்றார். இரண்டு கையையும் பலகையில் வைத்துத் தள்ளினார்.