காற்றை எழுப்பிய நாலு வரி

போன வாரம் என் மகளின் பள்ளியில் கவிதை விழா. பிள்ளைகள் தாங்களே எழுதியதைத்தான் படிக்கவேண்டும். பாதிப் பேர் வகுப்பறையில், மீதிப் பேர் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில். காய்ச்சலில் படுத்திருந்தவள் எழுந்து தலைவாரிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். நான் கேமராவில் படாமல், கஞ்சித் தம்ளரோடு ஓரமாக நின்றேன். அவள் படித்தாள்:

எங்கள் வீட்டுப் பூட்டுக்கு வலிக்கும்,
அம்மா அத்தனை முறை இழுத்துப் பார்ப்பாள்.
எங்கள் தெருவுக்கும் வலிக்கும்,
நான் வரும்வரை அவள் எட்டி எட்டிப் பார்ப்பாள்.

சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருந்த பெற்றோர்கள் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார். என் கை சுவரிலிருந்த கணினி சுவிட்சுக்குப் போய்விட்டது. அணைக்கவில்லை. ஆனால் கை போனதை அவள் பார்த்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, “கோவமாம்மா?” என்றாள்.

“கஞ்சி ஆறுது, குடி” என்றேன்.

ஊரறிய ஒரு பிள்ளை கவிதை படித்து, வீட்டில் இருப்பவர்கள் விறைத்துப்போய் நின்றது எனக்குப் புதிதல்ல. முன்பு ஒருமுறை அந்தப் பிள்ளை நானாக இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் இருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போவார்கள். கரையில் இருக்கும் பெண்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆண்கள் கடலில் இருக்கும்போது காற்றை அதன் பெயரால் குறிப்பிடக்கூடாது. கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும். புழுக்கமாக இருந்தால் “எல அசையல” என்பார்கள். பலமாக வீசினால் “அது வந்திருக்கு” என்பார்கள், பிடிக்காத சம்பந்தி வாசலில் வந்து நிற்பதைப்போல.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இது பொருந்தாது என்று நானாகவே முடிவுசெய்திருந்தேன். பாடப் புத்தகத்தில் காற்றும் இருந்தது, புயலும் இருந்தது. நாங்கள் தொண்டை கிழிய வாசித்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தெருவின் சட்டம் பள்ளி வாசலோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

எங்கள் டீச்சர் நெரவியிலிருந்து பஸ்ஸில் வருவார். நெல் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவர். கடலை அவருக்கு மிகவும் பிடிக்கும், தூரத்திலிருந்து. அந்த வருட ஆண்டு விழாவில் நாங்கள் யாரோ எழுதியதை ஒப்பிக்கக் கூடாது, ஆளுக்கு நாலு வரி சொந்தமாக எழுதவேண்டும் என்றார். யார் எதை எழுதினாலும் “அட” என்று சொல்லி ரசித்தார். மாடு முட்டியதைப் பற்றி எழுதிய பையனுக்கும் ஒரு “அட” கிடைத்தது. நான் காற்றைப் பற்றி எழுதினேன். எனக்கு இரண்டு கிடைத்தன.

விழா முற்பகலில். அந்த நேரத்தில் எங்கள் அம்மாக்கள் மீனையும் கருவாட்டையும் விட்டு வரமாட்டார்கள். டீச்சர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மைக்செட்காரரைக் கூப்பிட்டு, “கொழாய கடல் பக்கம் திருப்பிக் கட்டுங்க. அவங்க வேலைய விட்டுட்டு வரவேணாம். புள்ளைங்க பேசுறது அங்க போவட்டும்” என்றார். தென்னைமரத்தின் பாதி உயரத்தில், கடலைப் பார்த்து, அந்தக் குழாய் ஒலிபெருக்கி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன்:

தூங்கும் காற்றே எழுந்திரு,
தோணியெல்லாம் ஆட்டிவிடு,
அலையை வீட்டுக்கு அனுப்பிவிடு,
அதனோடு நான் ஆடவேண்டும்.

நல்ல கைதட்டல். அது ஓய்வதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். முழங்கைவரை மீன் செதில். மேடைக்கு ஏறவில்லை; கீழே நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

“எறங்குடி” என்றாள். பிறகு டீச்சரைப் பார்த்து, “ஆம்பளைங்க அத்தன பேரும் கடல்ல கெடக்காங்க. இவ மைக்குல எழுப்பிவுடுறா. நீங்களும் கை தட்டுறீங்க” என்றாள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரை எழுப்பினேன் என்று என்னிடமே கேட்டார்.

கரையில் அம்மா கருவாட்டுப் பாயருகே நின்றிருந்தாள். என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மதியத்துக்குள் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. வரவேண்டிய கட்டுமரங்கள் வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வந்தார்கள். என்னைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள்.

பெரியம்மா அம்மாவிடம் சொன்னாள்: “இவுங்க நல்லபடியா கரை ஏறட்டும். நாளையிலேர்ந்து இவள அங்க அனுப்பாத. வல பின்ன ஒக்கார வையி. படிச்சுக் கிழிச்சது போதும்.”

“சரிங்கக்கா” என்றாள் அம்மா. அவள் குரலில் மறுப்பு எதுவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எழுப்பியதைத் தூங்கவைக்க என்ன வரிகள் தேவைப்படும் என்று யோசித்தேன். தாலாட்டுப்போல ஏதோ கோத்துப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லத் துணிவில்லை. அதிலும் அதன் பெயர் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகுதான் முதல் மரம் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது கடைசி. பெரியப்பா இறங்கி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே, பெண்கள் வளைத்து நிற்பதையும் நடுவில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். பெரியம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பாதியை அழுகையோடு, மீதியைக் கோபத்தோடு.

அப்பா என்னைக் கூப்பிட்டார். “என்ன படிச்ச? இப்ப படி.”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“எல்லாரும் கரை ஏறியாச்சு. இப்ப சொல்லலாம். படி.”

அழுதுகொண்டே படித்தேன். நாலாவது வரியில் மூக்கு ஒழுகியது. அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“இதான் சேதியா” என்றார் பெரியம்மாவிடம். “அங்க உள்ளுக்குள்ள காத்து செத்துக் கெடந்துது, அண்ணி. பாயி தொங்கிப்போச்சு. துடுப்பு போட்டுப் போட்டுக் கையெல்லாம் உரிஞ்சுபோச்சு, பாருங்க. இன்னிக்குக் கரையே இல்லேன்னு கெடந்தோம். அப்பறந்தான் எங்கேர்ந்தோ வந்து தள்ளிச்சு. யாருடா நம்மளுக்காக எழுப்புனதுன்னு அண்ணனக்கூடக் கேட்டேன். கேட்டேனா இல்லியா?”

பெரியப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “கேட்டான்” என்றார்.

பக்கத்து மரத்திலிருந்து இறங்கிய ஒருவர், “ஆமாம்மா, சுத்தமா அசைவே இல்ல” என்று சொல்லிவிட்டு வலையை உதறப் போய்விட்டார்.

பெரியம்மா அப்பாவின் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்து, கயிறு ஓடியதைப்போல ஒரு சிவந்த கோடு. பிறகு தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். “அடுத்த தடவ எழுப்புறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு எழுப்பு. கருவாட்ட அள்ளிக்கிறோம்” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். டீச்சரிடம், என் கவிதைதான் மரங்களையெல்லாம் கரைசேர்த்தது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வழக்கம்போல “அட” என்றார்.

பல வருடங்கள் அதை நான் அப்படியே நம்பினேன். அந்தத் தைரியத்தில்தான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நேற்று மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கோவில்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “அந்தப் பூட்டுக் கவிதைய மாமாவுக்குப் படிச்சுக் காட்டு” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு படித்தாள். முதலில் சிரித்தது நான்தான். என் கண் வாசல் பூட்டுக்குப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அப்பா கரையேறிய அந்த வாரம் முழுவதும் கடலுக்குப் போகவில்லை. அம்மா வாசலில் கட்டுமரத்தின் பாயை விரித்துவைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. துணி விலகாமல் நான் எதிரே உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அப்பா கரையில் இருந்ததால் பயமில்லாமல் என் நாலு வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா ஊசியை நிறுத்தி என்னைப் பார்ப்பாள், மறுபடியும் தைப்பாள். காற்று செத்துக் கிடந்த கடலில் பாய் எப்படிக் கிழியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.