செர்ரித் தெருவின் பதினேழு வீடுகள்

போர் நடக்கும் உக்ரைனில், கார்கிவ் அருகே ஒரு சிற்றூரின் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள் ஸோரியானா. எஸ்தோனியா அரசு உதவிக்கு அனுப்பிய கைடி என்ற பொறியாளர், வாராவாரம் எல்லாப் பதிவுகளின் நகலையும் தன் நாட்டுத் தலைநகர் தாலினுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள்.

"குண்டு விழுற ஊருக்கு ஜெனரேட்டர் குடுக்காம பாஸ்வேர்டு குடுக்கிறீங்களே!" என்பாள் ஸோரியானா.

"அதையும் கேட்டு வாங்கு. இதையும் மறக்காம அனுப்பு."

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை கணினிகளைத் திறந்தபோது ஒன்றுமே இல்லை. எதிரிகள் இணையம் வழியே புகுந்து ஊரின் பதிவுகள் அத்தனையையும் அழித்திருந்தார்கள். ஏவுகணையில் வீடிழந்த செர்ரித் தெரு ஓமெல்யான், புது வீட்டுக்கு விண்ணப்பிக்கப் பத்திர நகல் கேட்டு வந்து நின்றார்.

"எனக்கு வீடு இருந்துச்சுன்னு சொல்ல இனி யாருமே இல்லையாம்மா?"

ஸோரியானா கைடியைத் தொலைபேசியில் அழைத்து அழுதாள்.

"அழாத. பழைய கணினியத் தொடாத. புதுசு ரெண்டு கார்கிவ்லேருந்து அனுப்புறேன்."

புதன்கிழமை மதியம், ஸோரியானா வாராவாரம் தாலினுக்கு அனுப்பிய நகலிலிருந்து புதுத் திரையில் வரிவரியாகப் பெயர்கள் வரத் தொடங்கின. பிறந்தவர்கள், மணந்தவர்கள், மாண்டவர்கள் என்று ஊரே வந்தது. செர்ரித் தெருவில் இன்று ஒரு சுவர்கூட இல்லை. திரையிலோ பதினேழு வீடுகளும் கதவிலக்கத்தோடு நின்றன. விசைப்பலகையைத் தொடவும் துணியாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓமெல்யான் தொப்பியைக் கழற்றினார்.

"பக்கத்து வீட்டுக்காரன் வேலியையும் பாரும்மா. ரெண்டடி என்னோடதுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு, ஐயா."

"இருபது வருஷமா அவன் ஒத்துக்கலையே!" என்று சிரித்தவர், கண்களைத் துடைத்துக்கொண்டார்.